தண்ணீர் போகும் வழி: பள்ளிக்கரணை முதல் முத்துப்பேட்டை வரை

முதல் நாள், பள்ளிக்கரணை

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஆண்டுதோறும் இந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் ஒரு வேலை நடக்கும். வீட்டுப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ்கள், அம்மாவின் கல்யாணப் படம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவோம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதிக்குப் பிறகு வந்த பழக்கம் இது. அன்றைக்குத் தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியிருந்தது. வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்த எங்களை மாடி வீட்டு அக்காதான் கதவைத் தட்டி எழுப்பினார். எழுந்து காலை வைத்தால் தண்ணீர். விடிவதற்குள் அது கட்டிலைத் தாண்டியிருந்தது.

அன்றிலிருந்தே மனதில் ஒரு கேள்வி. அந்தத் தண்ணீர் எங்கே போக வேண்டியது? ஏன் எங்கள் வீட்டுக்கு வந்தது? பதிலின் ஒரு பாதி வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. மீதிப் பாதியைத் தேடித்தான் கடலோரமாகத் தெற்கே ஆறு நாள் போகிறேன். மரமும் மணலும் சதுப்பும் ஊரைக் காக்கும் என்று படித்திருக்கிறேன். காக்கின்றனவா, எந்த அளவுக்கு, எப்போது கைவிடுகின்றன என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு நாள் இரவும் அன்றன்று பார்த்ததை எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்குத் துரைப்பாக்கம் ஆரச்சாலையில் நின்றேன். சாலை சதுப்பின் நடுவே ஓடுகிறது. இரண்டு பக்கமும் கோரையும் சம்பும். நீலத் தாழைக்கோழிகள் குஞ்சுகளோடு மேய்கின்றன. தென்சென்னையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் வந்து சேருகிற பள்ளம் இது. இங்கே தேங்கி, பரந்து, மெல்ல ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேர் அளவுக்குப் பரந்திருந்த இடம். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தபோது அந்தப் பட்டியலில் ஏறிய பரப்பு 1,247 ஹெக்டேர்.

பழைய ஆட்கள் இதைக் கழுவெளி, அதாவது நீர் தேங்கும் சதுப்பு வெளி, என்பார்கள். அரசு ஆவணங்களில் நெடுங்காலம் இதற்கு இருந்த பெயர் தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் குப்பை கொட்டலாம், சாலை போடலாம், கட்டடம் எழுப்பலாம். கழுவெளி என்றே எழுதியிருந்தால் அங்கே தண்ணீர் இருப்பதாவது நினைவில் நின்றிருக்கும். நான் குடியிருக்கும் தெருவும் அப்படி எழுதப்பட்ட ஏதோவொரு நிலத்தின் ஓரத்தில்தான் முளைத்திருக்க வேண்டும். அதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

மாலை பேருந்து. மரக்காணத்தை நெருங்கும்போது இன்னொரு கழுவெளி ஜன்னலில் விரிந்தது. இது அந்தப் பெயரோடே தப்பிப் பிழைத்து, 2021-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அதனால் தண்ணீரின் எல்லை எதுவென்று தெரியவில்லை.

இரண்டாம் நாள், புதுச்சேரி

புதுச்சேரிக்கு வந்தது கடற்கரை பார்க்க இல்லை, காணாமல்போன கடற்கரையின் கதையைக் கேட்க.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை கரையைச் சாய்வாக அடித்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திருப்பித் தள்ளும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். கரையோரமாக ஓர் ஆறு ஓடுகிறது, அதில் ஓடுவது மணல் என்று வைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். மணல் ஆற்றுக்குக் குறுக்கே அணை விழுந்த மாதிரி ஆயிற்று. தெற்குப் பக்கம் மணல் குவிந்தது. வடக்கே ஊரின் கடற்கரை சில ஆண்டுகளில் கரைந்துபோனது. மிச்சத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் விழுந்த இடம் நின்றது. கல் முடிகிற இடத்திலிருந்து அரிப்பு வடக்கே நகர்ந்தது.

அது நகர்ந்த வழியே நானும் ஆட்டோவில் போனேன். வைத்திக்குப்பம், சோலைநகர், எல்லை தாண்டித் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம். ஒரு குப்பத்தில் பாதி இடிந்த வீட்டின் படிக்கட்டு மட்டும் கடலைப் பார்த்து நிற்கிறது. அதில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், "கரைவலை இழுக்க எடமே இல்லம்மா. முந்தி இங்கேர்ந்து கடலுக்கு நடக்கவே கால் சுடும். அம்மாந் தூரம் மணலு" என்றார். கல் சுவர் வந்ததும் படகை எங்கே ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். மூன்று குப்பம் தள்ளி இன்னும் கொஞ்சம் மணல் இருக்கிற இடத்தைக் கையால் காட்டினார். அங்கே வேறு ஊர்க்காரர்களின் படகுகள். அதனால் சண்டை வருகிறதாம்.

தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2018 வாக்கில் புதுச்சேரி நகருக்கு முன்னால் கடலுக்குள் ஆப்பு வடிவில் இரும்பு மேடை ஒன்றை அமிழ்த்தினார்கள். நீருக்கடியில் இருக்கும் பவளப்பாறை எப்படி அலையின் வேகத்தைக் குறைக்குமோ அதே வேலையை அது செய்கிறது. வேகம் தணிந்த நீர் தான் சுமந்து வந்த மணலைப் போட்டுவிட்டுப் போகிறது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கல் மட்டுமே இருந்த இடத்தில், மாலையில் பிள்ளைகள் மணல் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்று வயதில் நான் இங்கே வந்தபோது கல்லின் மேல் நின்றுதான் கடலைப் பார்த்தேன்.

இரும்பால் செய்ததை இயற்கை வழி என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். எனக்குப் பெயர் முக்கியமில்லை. மணல் எப்படிப் போகிறது என்று பார்த்துச் செய்திருக்கிறார்கள், கருங்கல் கொட்டியபோது அதைப் பார்க்கவில்லை. ஆனால் வடக்கே அந்தப் படிக்கட்டுக்கு இன்னும் மணல் வந்தபாடில்லை. அதையும் சேர்த்துத்தான் இந்த வெற்றியை அளக்க வேண்டும்.

மூன்றாம் நாள், பிச்சாவரம்

சிதம்பரத்திலிருந்து முதல் பேருந்து. கிள்ளை தாண்டியதும் காற்றில் சேற்று வாசம் ஏறியது.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது ஒரு மரத்தால். கோயிலின் தலமரமும் அதுதான். இன்று கோயிலைச் சுற்றி அந்தக் காடு இல்லை. தில்லையைப் பார்க்க இங்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் உள்ள இந்தக் கழிமுகத்தின் அலையாத்திக் காட்டுக்குத்தான் வர வேண்டும். படகு ஓட்டிய தம்பி துடுப்பாலேயே சுட்டினார். "அதான்கா தில்லை. ஒடிச்சுடாதீங்க, பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்." சாதாரணப் புதர் போலத்தான் இருக்கிறது. சில இலைகள் மட்டும் பழுத்துச் சிவந்திருந்தன.

ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டுகள், அவற்றுக்கு நடுவே கிளை பிரியும் ஓடைகள். ஓடை ஓரத்தில் முன்வரிசையில் நிற்பது சுரபுன்னை. கிளைகளிலிருந்து வளைந்து இறங்கும் ஊன்று வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, ஆள் நுழைய முடியாத கூடு மாதிரி இருக்கின்றன. அதற்குப் பின்னால் உள்ளே தள்ளி வெண்கண்டல். அதன் வேர் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மூச்சுவிட மேலே வருகிறது. வெண்கண்டல் இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. வேர் வழியே வந்த உப்பை இலை வழியே வெளியே தள்ளுகிற மரம் அது. சுரபுன்னையோ உப்பைப் பெரும்பாலும் வேரிலேயே தடுத்துவிடும். ஒரே சேற்றில் நின்றுகொண்டு இரண்டும் இரண்டு விதமாகப் பிழைக்கின்றன.

அகலம் குறைந்த ஓடைக்குள் படகு நுழைந்தபோது வேரைப் பிடிக்கக் கை நீட்டினேன். "கைய விடாதீங்கக்கா, சிப்பி அறுத்துடும்" என்றார் தம்பி. உண்மைதான், நீர்மட்டம் வரை வேரெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தது. அந்தச் சிப்பி வரிசையைப் பார்த்தாலே ஏற்றம் எவ்வளவு, வற்றம் எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது. இங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு இது தேவைப்படும்.

இந்த வேர்க்கூடுதான் அலையைத் தடுக்கும் பொறி. உள்ளே நுழையும் அலை ஆயிரம் இடத்தில் உரசி, பிளந்து, வேகம் இழக்கிறது. பல நாடுகளில் அளந்து பார்த்ததைத் தொகுத்தபோது, 100 மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைப்பதாகத் தெரிந்தது. அலையாத்தி, அலையை ஆற்றுவது. பெயர் வைத்தவர்கள் அளவுகோல் இல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

புயலில் கடல் மொத்தமாகப் பொங்கி ஏறி வருவது வேறு விஷயம். அது அலை மாதிரி வந்து திரும்பிப் போகாது, மணிக்கணக்கில் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நீர்மட்டத்தைக் காடு ஒரு கிலோமீட்டருக்கு 5 முதல் 50 செ.மீ. வரைதான் குறைக்கும் என்கிறார்கள். ஆகவே பேருக்குப் பத்து வரிசை மரம் நட்டுவிட்டு "புயலுக்கு அரண்" என்று பலகை வைப்பதை இனி நான் நம்பமாட்டேன். அன்றாட அலைக்கு மெல்லிய காடு போதும், பொங்கும் கடலுக்கு அகலமான காடு வேண்டும்.

மதியம் திரும்பும் வழியில் இடுப்பளவு நீரில் நான்கு பேர் வரிசையாக நடந்து வந்தார்கள். இருளர்கள். வலை கிடையாது. சேற்றைக் கைகளால் தடவித் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்வியிருக்கும் பறியில் போடுகிறார்கள். பறி பனையோலையில் முடைந்த சிறு பை. வாயில் பறி இருப்பதால் பேச முடியாது, தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்கள். இந்தக் காட்டின் அடிச்சேறு இவர்கள் கைகளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

நான்காம் நாள், கிள்ளை

நேற்று படகுத் தம்பி தன் மாமனாரைப் பார்க்கச் சொல்லியிருந்தார். 1990-களில் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டப்போன ஆட்களில் ஒருவர். திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு, பேச்சைத் தொடங்கும் முன்பே சொன்னார்: "மரம் நட்டாங்க நட்டாங்கன்றாங்க. நட்டது அப்பறம்மா. மொதல்ல வாய்க்கா."

இந்தப் பயணம் முழுவதற்கும் எனக்குக் கிடைத்த பதில் அந்தத் திண்ணையில்தான் இருந்தது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெள்ளையர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டி விறகாக்கினார்கள். மீண்டும் தானே முளைக்கும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேறு காய்ந்து சுருங்கித் தாழ்ந்தது. நிலம் தட்டு மாதிரிக் குழிந்துவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் குழியில் தங்கி, ஆவியாகி, உப்பை விட்டுப்போனது. மறுநாள் இன்னும் கொஞ்சம் உப்பு. கடல்நீரையே தாங்கும் வெண்கண்டலால்கூட அந்த உப்பைத் தாங்க முடியவில்லை. நேற்று சொன்னேன் அல்லவா, இங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய ஏற்றவற்றத்தில் நிலம் ஒரு சாண் தாழ்ந்தாலே தண்ணீர் சிக்கிக்கொள்ளும். ஆடுமாடு மேய்ந்துதான் காடு அழிந்தது என்று உள்ளூர் மக்கள்மேல் பழி போட்ட காலமும் உண்டு.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து செய்தது எளிய வேலை. ஓடையிலிருந்து குழிந்த நிலத்துக்குள் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஏற்றத்தில் நீர் எல்லா முள்ளுக்கும் போகும், வற்றத்தில் எல்லா முள்ளிலிருந்தும் வடியும். நாளுக்கு நாள் உப்பு கழுவப்பட்டது. பிறகுதான் வாய்க்கால் கரைச் சரிவில் வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள். உச்சியில் நட்டால் காயும், அடியில் நட்டால் மூழ்கும், அதனால் சரிவில். "ரெண்டு மூணு வருசத்துல நாங்க நடாததும் மொளைக்க ஆரம்பிச்சுது" என்றார். விதைகளைத் தண்ணீரே கொண்டுவந்து போட்டிருக்கிறது.

"வாய்க்கா தூந்துரும்மா. வருசாவருசம் பாக்கணும். பாக்கலைன்னா மறுபடி பழைய கதைதான்" என்பதையும் அழுத்திச் சொன்னார். நடும் விழாவுக்கு வருகிறவர்கள் தூர்வாரும் நாளுக்கு வருவதில்லை. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைக் கேட்கும் நாம், பத்து ஆண்டுகள் கழித்து அந்த வாய்க்காலில் நீர் ஓடுகிறதா என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா?

மாலையில் கடல் பக்கம் உள்ள மணல் திட்டுகளுக்குப் போனேன். 2004 டிசம்பர் 26 காலை எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் போன்ற குப்பங்களை ஆழிப்பேரலை துடைத்துவிட்டது. அவை காட்டுக்கு முன்னால், கடலை ஒட்டி இருந்தவை. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-இல் வெளிவந்த ஆய்வுகள் மரங்கள் காத்ததாகச் சொன்னன. அடுத்த ஆண்டே, அவற்றில் ஒன்று எடுத்துக்கொண்ட 18 குப்பங்களின் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்த வேறு ஆய்வாளர்கள், கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் மேடும்தான் பெரிய காரணம் என்றார்கள்.

இது தெரியவந்தபோது எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. மணலில் நின்று யோசித்தால் இரண்டும் அவ்வளவு தூரம் பிரிந்தவை அல்ல என்று தோன்றியது. காடு இருக்கிற இடத்தில் யாரும் வீடு கட்டவில்லை, எனவே ஊர் தள்ளியே இருந்தது. அலையைத் தணித்தது எவ்வளவு, ஊரைத் தள்ளி வைத்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மரம் எல்லாவற்றையும் தடுக்கும் என்று நம்பிக் கடலோரத்தில் யாரும் தூங்கிவிடக் கூடாது. அதற்காகவாவது அந்த இரண்டாவது ஆய்வை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். முன்னெச்சரிக்கை வந்தால் எழுந்து ஓடத்தான் வேண்டும், முன்னால் எத்தனை மரம் இருந்தாலும்.

ஐந்தாம் நாள், நாலுவேதபதி, கோடியக்கரை

நாகப்பட்டினம் வழியாக வேதாரண்யம். ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டிலேயே அதிகம் இழந்த மாவட்டம் நாகை, ஆறாயிரம் உயிருக்கும் மேல். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி எந்த ஊர் என்று கேட்டார், நான் எதற்காக வந்தேன் என்று கேட்டார், பிறகு வேதாரண்யம் வரை எதுவும் பேசவில்லை.

நாலுவேதபதிக்காரர்கள் 2002-இல் ஒரே நாளில் 80,244 மரக்கன்று நட்டுக் கின்னஸ் பதிவில் இடம்பிடித்தார்கள். சாதனைக்காக நட்டது. இரண்டே ஆண்டில் கடல் வந்தபோது அந்தச் சவுக்குத் தோப்பு அலையை முறித்து ஊரைக் காத்தது. இன்று போனால் தோப்பு அங்கங்கே இடைவெளியோடு இருக்கிறது. விறகு பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அலைக்கு நின்னுச்சி. காத்துக்கு நிக்கல" என்றார்.

அவர் சொன்ன காற்று கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய புயல். சவுக்கு வேகமாக வளரும், மணலைப் பிடித்து நிறுத்தும், விறகாகும், விற்றால் காசாகும். எல்லாம் உண்மை. ஆனால் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே மரம். ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால் மொத்தமும் சாயும். கடற்கரை நுனி வரை நட்டுவிட்டால் பங்குனி ஆமை முட்டையிட வெறும் மணலும் மிஞ்சாது.

சவுக்கைக் குறை சொல்ல இங்கே வரவில்லை. அந்த அம்மாவின் குடும்பம் 2004-இல் பிழைத்தது அதனால்தான். ஆனால் அடுத்த முறை நடுகிறவர்கள் கோடியக்கரை வரை ஒரு நடை போய்விட்டு வரட்டும். கடலை ஒட்டி மணல்மேட்டில் முதலில் தரையோடு படரும் அடும்பும், முள்ளாக உருளும் இராவணன் மீசையும். மணலைப் பிடிக்கும் முதல் கைகள் இவை. கொஞ்சம் உள்ளே தாழை. அதற்கும் உள்ளே பாலை மரமும் புதர்களும் குட்டையாக, நெருக்கமாக, காற்றின் சாய்வுக்கு ஏற்ப வளைந்து வளர்ந்த வறண்ட பசுமைமாறாக் காடு. யாரும் நட்டதல்ல. கஜா இதையும் உலுக்கியது. கிளை முறிந்து ஏறத்தாழப் படுத்துவிட்ட ஒரு பாலை மரத்தின் தண்டிலிருந்து புதிய கிளைகள் என் உயரத்துக்கு எழுந்து நின்றன. தூரத்தில் வெளிமான் கூட்டம் ஒன்று தலை தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கியது.

இங்கே கரையில் நின்ற பழைய சோழர் காலக் கலங்கரை விளக்கத்தின் எச்சம் ஆழிப்பேரலையோடு போய்விட்டது. அது நின்ற பக்கம் அடும்பு பூத்திருக்கிறது.

ஆறாம் நாள், முத்துப்பேட்டை

வேதாரண்யத்திலிருந்து மேற்கே வரும்போது வழியெல்லாம் உப்பளமும் இறால் குட்டைகளும். இந்த மாவட்டத்தில்தான் காந்தியத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் கிராம மக்களைத் திரட்டி இறால் பண்ணைகளை எதிர்த்தார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் இறால் பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. விளைநிலத்தில் உப்பு ஏறியதும் குடிநீர் கரித்ததும்தான் அன்றைய முறையீடு. அரணாக நிற்கும் நிலத்தைப் பற்றிப் பேசும்போது அந்தப் போராட்டத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஜாம்புவானோடையிலிருந்து படகு. கோரையாற்றின் வழியே காயலுக்குள் நுழைகிறோம். பிச்சாவரம் மாதிரிப் பல வகை மரம் இங்கே இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை வெண்கண்டல், வெண்கண்டல் மட்டும்தான். காரணம் கேட்டபோது படகுக்காரர் தண்ணீரைக் கையில் அள்ளிக் காட்டினார். "மழைக்காலத்துல மூணு மாசம் நல்ல தண்ணி. மத்த மாசமெல்லாம் உப்புதாங்க. இதுக்கு ஈடுகொடுக்குறது இது ஒண்ணுதான்."

காவிரியின் கடைசிச் சொட்டு வந்து விழுகிற இடம் இது. பாமணியாறு, கோரையாறு, கந்தன்குறிச்சானாறு, கிளைதாங்கியாறு, மரைக்காக்கோரையாறு என்று பேரெல்லாம் ஆறுதான். மேட்டூர் அணை கட்டப்பட்டது 1934-இல். அதற்கு முன் வெள்ளத்தோடு வந்த வண்டல் டெல்டாவை வளர்த்தது, கடல் தின்றதை ஈடு செய்தது. இன்று வண்டல் அணைகளுக்குப் பின்னால் தங்குகிறது, நீர் வயல்களுக்குப் போகிறது. வயலுக்குப் போவதை நான் எப்படிக் குறை சொல்வேன்? என் அம்மாவின் ஊரும் கடைமடைதான், தண்ணீருக்குக் காத்திருந்து கண் பூத்தவர்கள் வீட்டில் பிறந்தவர் அவர். ஆனாலும் "கடலில் வீணாகக் கலக்கும் நீர்" என்ற பேச்சு எனக்கு இனி ஒத்துவராது. ஆறு கடலுக்குத் தருகிற அந்தப் பங்கில்தான் இந்தக் காடு நிற்கிறது. காட்டில்தான் இறாலும் கொடுவாய் மீனும் வளர்கின்றன. கடலுக்கும் வயலுக்கும் நடுவே வேறு அரண் எதுவும் இல்லை.

காயலின் தென்புறம் கஜாவின் தடம். சாம்பல் நிறத்தில் மொட்டை மரங்கள், தலை முறிந்தவை, வேரோடு சாய்ந்தவை. அருகில் போனால்தான் தெரிகிறது, பல மரங்களின் தண்டில் பச்சை. முறிந்தாலும் தண்டிலிருந்து துளிர்க்கும் குணம் வெண்கண்டலுக்கு உண்டு, சுரபுன்னைக்கு அது கிடையாது. புயல் அன்று இந்தப் பக்கம் தென்னந்தோப்புகள் விழுந்ததை உலகமே பார்த்தது. காடு விழுந்ததைப் படமெடுக்க யாரும் வரவில்லை என்று படகுக்காரர் வருத்தப்பட்டார். "எங்க படகெல்லாம் உள்ள ஓடைல கட்டிப்போட்டிருந்தோம். காடு அடிய வாங்கிக்கிச்சி. படகு நின்னுச்சி."

கிள்ளைப் பெரியவர் சொன்ன வாய்க்கால் கதையை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். இந்தப் பகுதி மீனவர்களும் விவசாயிகளும் தலைமுறை தலைமுறையாகக் காயலிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடித்து வருகிறார்கள். ஏற்றத்தில் மீன் உள்ளே வரும், வற்றத்தில் வலை போடுவார்கள். வெட்டிய வாய்க்கால் ஓரமெல்லாம் கன்று தானாக முளைத்து அடர்ந்திருக்கும். மீனுக்காக வெட்டியது, காட்டையும் வளர்த்திருக்கிறது. அறிவியலார் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கைகளுக்கு அது தெரிந்திருந்தது.

நாளைக் காலை ஊருக்குப் பேருந்து ஏறுவதாக இருந்தேன். "நாளைக்கு எங்க வாய்க்கா வாயி தூர்வாருறோம், மழைக்கு முன்னால செஞ்சாவணும். பாக்கணும்னா வாங்க, வெள்ளன அஞ்சு மணிக்கு" என்றார் இறங்கும்போது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சேற்றில் இறங்கத் தோதாக ஒரு பழைய புடவை கேட்டிருக்கிறேன், அவர் வீட்டு அக்கா எடுத்து வைக்கிறாராம்.